ஒரு மூச்சு அளவு

பைய அப்படிச் சாய்க்காதீங்க சார். நேரா வெச்சுக்குங்க. உள்ள குண்டு இருக்கு.

பயந்துட்டீங்க பாருங்க. பெயிண்ட் குண்டு சார். கோலி அளவு இருக்கும், தொட்டா மெத்துன்னு இருக்கும். மீன் எண்ணெய் மாத்திரை பாத்திருப்பீங்கல்ல, அதே மாதிரி தோல்தான், உள்ள கலர் தண்ணி. துப்பாக்கியில போட்டுச் சுட்டா ஆள் மேல பட்டு உடையும், சட்டையெல்லாம் கலராயிடும். விளையாட்டுதான். வருஷத்துக்கு ஒரு தடவ கம்பெனியில கூட்டிட்டுப் போவாங்க. மேல ஏலகிரியில ஒரு மைதானம் இருக்கு. டயரும் பீப்பாயுமா அடுக்கி வெச்சிருப்பாங்க. ரெண்டு டீமாப் பிரிஞ்சு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு சுடணும்.

பொன்னேரி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன், நீங்கதான் பைய வாங்கி மடியில வெச்சுக்கிட்டீங்க. இப்ப பக்கத்துலயே சீட்டும் கெடச்சிடுச்சு. இல்ல சார், பை உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு இன்னிக்குக் கை கொஞ்சம் நடுங்குது. டீ குடிச்சா நடுங்கும்னு காலையிலருந்து டீயே குடிக்கல. குடிக்காததாலதான் நடுங்குதோ என்னமோ.

மத்தவங்க எல்லாம் நேத்தே கம்பெனி வேன்ல வந்துட்டாங்க. எனக்கும் சீட்டுப் போட்டு வெச்சிருந்தாங்க. சபரீசன்னு ஒருத்தன், அவன்தான் ஜன்னலோரமா எனக்கு எடம் பிடிச்சு வெச்சிருந்தானாம். நான்தான் ரயில்ல வந்து பஸ் பிடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன். வேன்ல ஆடுவாங்க, பாடுவாங்க, பைய மிதிப்பாங்க. பையில என் துப்பாக்கிக் குழல் இருக்கு. துப்பாக்கி அங்கயே குடுத்துடுவாங்க, குழல மட்டும் கழட்டிட்டு நம்மளோடத மாட்டிக்கலாம்.

எதுக்கு சொந்தக் குழல்னு கேக்குறீங்களா? கேளுங்க. மேல போறதுக்குப் பதினாலு வளைவு இருக்கு, நேரமிருக்கு.

எனக்கு ஒரகடத்துல வேலை. வண்டிச் சக்கரத்துல அச்சு போற எடத்துல ஒரு வளையம் இருக்கும், புஷ்னு சொல்லுவோம். அதப் பாத்து பாஸ், ரிஜெக்ட் சொல்றதுதான் என் வேலை. பதினேழு வருஷம். கையில கேஜ்னு ஒரு கம்பி இருக்கும், ரெண்டு முனை. ஒரு முனை வளையத்துக்குள்ள போகணும். இன்னொரு முனை போகவே கூடாது. அவ்வளவுதான் சட்டம். போக வேண்டியது போகலன்னாலும் சிவப்பு டப்பா, போகக் கூடாதது போனாலும் சிவப்பு டப்பா. மேனேஜரே வந்து நின்னு, தணிகைவேலு, லாரி நிக்குது, இந்த ஒரு லாட்ட விட்டுடுய்யான்னு கெஞ்சுவாரு. விட மாட்டேன். முடியளவு பிசகினாலும் தணிகைவேல் விட மாட்டான்னு ஷாப்புல, அதான் எங்க பட்டறையில, பேரு. அந்தப் பேருதான் சார் என் சொத்து.

அப்படிப்பட்டவன் போன வருஷம் இதே மைதானத்துல நூறு குண்டு சுட்டேன். ஒண்ணு கூட ஒருத்தன் மேலயும் படல.

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. எல்லாரும்தான் சிரிச்சாங்க.

எதிர்ல பதினஞ்சு அடியில ஸ்டோர் கீப்பர் நிக்கிறாரு. அவரு இருக்கிற உடம்புக்கு, கண்ண மூடிக்கிட்டுக் கல்லெறிஞ்சாலே படும். நான் குறி வெச்சுச் சுடுறேன், ஒண்ணு தலைக்கு மேல போகுது, ஒண்ணு தரையில விழுது, ஒண்ணு காத்துல வளைஞ்சு போகுது. வளைஞ்சு சார். குண்டு தீர்ந்து போய் பீப்பாய்க்குப் பின்னாடி குத்த வெச்சு உக்காந்திருக்கேன். அப்ப பின்னாடியிருந்து ஒரு குரல். "அண்ணா, சரண்டர்."

அந்த மைதானத்துல ஒரு வழக்கம் உண்டு. பத்தடிக்குள்ள வந்துட்டா சுடக் கூடாது, வலிக்கும். சரண்டர்னு கேக்கணும். கேட்டா மாட்டினவன் ரெண்டு கையையும் தூக்கிட்டு வெளிய போயிடணும். கேட்டது சபரீசன். என் செக்ஷன்ல என் பக்கத்து டேபிள்ல உக்காந்திருக்கிறவன். நான் கையத் தூக்கினேன். துப்பாக்கியத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, இந்த வயசுல, எல்லாரும் பாக்க நடந்து வந்தேன்.

அவன் சுட்டிருக்கலாம் சார். நானா இருந்தா சுட்டிருப்பேன். சுட்டா ஒரு மரியாதை இருக்கு. ஐயோ பாவம்னு விட்டான் பாருங்க, அதத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் முழுங்க முடியல.

யாரோ அத வீடியோ எடுத்துட்டாங்க. இருபத்து மூணு செகண்டு. ஒரு மாசம் கேன்டீன்ல அதான் ஓடிச்சு. நான் தட்ட எடுத்துட்டு வந்தா நாலு பேரு கையத் தூக்குவாங்க. சபரீசன் தூக்க மாட்டான். அவன் எல்லார்கிட்டயும் போய், அந்த வீடியோவ அழிச்சிடுங்கடா, பெரியவரு மனசு சங்கடப்படுதுன்னு சொன்னானாம். இவன் சொன்னதுக்கப்புறம்தான், பாக்காதவன் கூடக் கேட்டு வாங்கிப் பாத்தான். எப்படி வேலை செய்யறான் பாருங்க.

இது நாலாவது வளைவு. பைய லேசாப் பிடிச்சுக்குங்க.

அன்னிக்குத் திரும்பி வரும்போது வேன்ல என் பக்கத்துல வந்து உக்காந்தான். "அண்ணா, உங்க குறியில தப்பில்லண்ணா. குண்டு சின்னது, அவங்க குடுத்த குழல் பெருசு. சுத்தி காத்து ஓடிடுது, அதான் ஒண்ணு ஒரு மாதிரியும் இன்னொண்ணு வேற மாதிரியும் போகுது"ன்னு சொன்னான். யார்கிட்ட? என்கிட்ட. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரியாப் போகுதா இல்லையான்னு பதினேழு வருஷமாப் பாக்கிறவன்கிட்ட. எனக்கு அப்படியே உடம்பெல்லாம் எரிஞ்சுது சார். சரிப்பான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

ஆனா அவன் சொன்னது சரி. அதான் இன்னும் மோசம்.

ஐப்பசியில ஆரம்பிச்சேன். ஒரு துப்பாக்கி வாங்கினேன், கன்னுன்னுதான் நாங்க சொல்லுவோம். உள்ள மாத்தி மாத்திப் போடற மாதிரி அஞ்சு உள்குழல் வெச்ச ஒரு குழல் வாங்கினேன். ஒவ்வொண்ணும் முடியளவு வித்தியாசம். பேப்பர்ல அளவு போட்டிருப்பாங்க, அத நம்பக் கூடாது. ஏன்னா குண்டு உயிருள்ள மாதிரி சார். மெட்ராஸ் மழையில ஊறிப் பெருக்கும், குளிர்ல சுருங்கும். காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. இந்த மாதிரி ஒரு பொருள நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. ஈரம் படாம எங்க வைக்கிறதுன்னு யோசிச்சு அரிசி டிரம்முல புதைச்சு வெச்சேன். நல்லா நின்னுச்சு.

ஒரு நாள் ரெண்டு குண்டு அரிசியோட வந்து, உலையில உடைஞ்சிடுச்சு. சோறு நீலமாயிடுச்சு. என் சம்சாரம் சுகந்தி அத அப்படியே கொண்டு போய்க் கொட்டிட்டு உப்புமா கிண்டினா. அவ எப்பவுமே அதிகமாப் பேச மாட்டா. அதுக்கப்புறம் இன்னும் கொறஞ்சுடுச்சு.

மொட்டை மாடியிலதான் பழகினேன். கரித்துண்டால சுவத்துல வட்டம் போட்டு. முதல்ல வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவு. மார்கழிக்குள்ள டீ டம்ளர் வாய் அளவுக்குக் கொண்டு வந்துட்டேன். பத்துக்குப் பத்து. ஆனா சுவரு அசையாம நிக்கிற பொருள் சார், மனுஷன் அப்படி நிக்க மாட்டான். அதனால என் பொண்ணு மிருணாவ ஒரு நாள் தட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க. முகமூடி போட்டுத்தான் நிக்க வெச்சேன். எட்டு வயசு, தைரியசாலி. தலைக்குப் பக்கத்துல எவர்சில்வர் தட்டப் பிடிச்சிருந்தா. டங் டங்குன்னு பத்தும் தட்டுல. ஒண்ணு கூடத் தப்பல. அவ அழவே இல்ல. பதினோராவதுக்குக் குறி வெக்கும்போது துணி எடுக்க சுகந்தி மாடிக்கு வந்துட்டா.

அன்னிக்கு சாயங்காலமே அவ அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா, ஆரணிக்கு. அம்மாவுக்கு மூட்டு வலியாம். அரைப் பரீட்சை லீவுதானேன்னு நானும் பொண்ண அனுப்பி வெச்சேன். இப்ப மாசி. மூட்டு வலின்னா சட்டுன்னு விடாது சார். பொண்ண அங்கயே ஸ்கூல்ல சேத்துட்டாங்களாம். அதுவும் நல்லதுதான், வீடு அமைதியா இருக்கு, பழகறதுக்கு வசதியா இருக்கு.

இங்க பாருங்க, இதக் காட்டறேன். அந்தப் பக்கத்து ஜிப்ப மட்டும் திறங்க. நீளமா துணி சுத்தியிருக்கு பாருங்க, அதான். எடுங்க. இதான் குழல். இதுக்குள்ள இப்ப மூணாவது உள்குழல் போட்டிருக்கேன். இந்தச் சட்டைப் பையில ரெண்டு குண்டு வெச்சிருக்கேன், பழகறதுக்கு. இதப் பின்பக்கமாப் போடறேன். சாய்க்கிறேன் பாருங்க. உருண்டு வந்துடுச்சுன்னா லூசு, காத்து வீணாப் போகும். வரல. இப்ப வாய வெச்சு ஊதறேன். அழுத்தி ஊதினாலும் வரலன்னா டைட்டு, உள்ளயே உடைஞ்சிடும். மெதுவா, ஒரு மூச்சு.

வந்துடுச்சா? கையில புடிச்சீங்களா? அவ்வளவுதான் சார் விஷயம். தானா உருளக் கூடாது, ஒரு மூச்சுல போயிடணும். அப்படிச் சேர்ந்துட்டா அது நேராப் போகும். நீங்க எங்க பாக்குறீங்களோ அங்க போகும். வினாடிக்குத் தொண்ணூறு மீட்டர்.

சட்டையில பட்டா? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், ரெண்டு நாள் கன்னிப் போயிருக்கும். வேற ஒண்ணும் ஆகாது. முகமூடி மட்டும் கழட்டவே கூடாது. மைதானத்துக்குள்ள கால் வெச்சதுலருந்து வெளிய வர்ற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு நூறு தடவ சொல்லுவாங்க. ஏன்னா கண்ணுல பட்டா கண்ணே போயிடும். மைதானத்துக்காரங்க எழுதியே வெச்சிருக்காங்க.

நீங்களும் கண்ணாடி போட்டிருக்கீங்க. டீ குடிக்கும்போது ஆவி படியுமா? என்ன செய்வீங்க? கழட்டி வேட்டியில தொடைப்பீங்க. சபரீசனும் அதேதான். முகமூடிக்குள்ள மூக்குக் கண்ணாடி, மூச்சு விட மூச்சு விடப் பனி பிடிச்சுக்கும். விசில் அடிச்ச உடனே முகமூடியத் தூக்கி, கண்ணாடியக் கழட்டித் தொடைப்பான். விசில் அடிச்சா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவன் நினைப்பு. வெளிய வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டான். சட்டத்த மீறறது அவன்தான் சார், நான் இல்ல.

எப்படித் தெரியும்னா, வீடியோவுல இருக்கே. எல்லாரும் நான் கையத் தூக்கறதத்தான் பாத்தாங்க. நான் அவனப் பாத்தேன். நூத்து நாப்பது தடவ பாத்திருப்பேன். பதினாறாவது செகண்டுல விசில். ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்தொம்பதாவது செகண்டுல முகமூடி மேல போயிடும். மூஞ்சி முழுசாத் தெரியும். கண்ணாடி கையில. என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு, தோள்ல கை போட வர்றான். எவ்வளவு வெள்ளந்தியாச் சிரிக்கிறான்னு பாக்கணுமே.

விசிலுக்கப்புறம் சுடக் கூடாதுதான். எனக்கா சட்டம் தெரியாது? விசில் அடிச்சா துப்பாக்கியக் கீழ இறக்கி, குழல் வாயில உறையப் போட்டுடணும். ஆனா ஒருத்தன் விரல அமுக்கிட்டான்னு வைங்க, அமுக்கும்போது விசில் அடிக்குதுன்னு வைங்க. கிளம்பின குண்டுக்கு விசில் கேக்குமா சார்? ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா தப்பு யாரு மேல? முகமூடியக் கழட்டினவன் மேலயா, இல்லையா? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க.

இல்ல சார், நான் பொதுவாச் சொன்னேன். ஒரு பேச்சுக்கு.

அவன்கிட்ட நான் ஏன் சொல்லணும், முகமூடியக் கழட்டாதேன்னு? அவன் என்கிட்ட குழலப் பத்திச் சொன்ன மாதிரியா? அவனுக்குத் தெரியாததா?

ஒம்போதாவது வளைவு. காது அடைக்குதா? எச்சில முழுங்குங்க, சரியாயிடும்.

இந்தத் தடவ டீம் பிரிக்கும்போது என்னத் தன் டீம்ல போட்டுக்கிட்டான் சார். அண்ணன் என்கூட இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்னு சொன்னானாம். நானே எச்ஆருக்குப் போன் போட்டு மாத்திக்கிட்டேன். எதிர் டீம். அதுக்கும் அவன் சிரிச்சிட்டு, "அண்ணன் ரெடியாயிட்டாரு, எல்லாரும் ஜாக்கிரதையா இருங்கடா"ன்னான்.

சித்திரையில அவனுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை எனக்குத்தான் வெச்சான். தட்டு, வெத்தலை, பழம் எல்லாம் வெச்சு, குனிஞ்சு குடுத்தான். சுகந்தி வீட்டுல இல்லையான்னு கேட்டான். ஊருக்குப் போயிருக்கான்னேன். அடுத்த நாள்லருந்து டிபன் டப்பாவுல எனக்கும் சேர்த்து நாலு இட்லி எடுத்துட்டு வர ஆரம்பிச்சான். மாமியார் ஆகப் போறவங்க பொடி அரைச்சுக் குடுத்தாங்களாம். நான் சாப்பிடறேன். பசிக்குமில்ல. சாப்பிடும்போது என் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பான், நல்லா இருக்காண்ணான்னு. அடுத்தவனுக்குச் சோறு போட்டுட்டு மேல நின்னு பாக்கறது, அது ஒரு சொகம் சார் சில பேருக்கு.

பையில எத்தன குண்டா? ஒண்ணுதான். சிரிப்பா இருக்கா? ரெண்டு பெட்டி வாங்கினேன், ஆயிரம் குண்டு. கேஜ் மாதிரி நானே ஒண்ணு செஞ்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன். நீள்வட்டமா இருக்கறது, தோல் சேர்ற தையல் புடைச்சிருக்கறது, ஒரு பக்கம் தட்டையா இருக்கறது, எல்லாம் சிவப்பு டப்பாவுக்குப் போச்சு. ஆயிரத்துல ஒண்ணே ஒண்ணுதான் எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு. மலையில குளிருக்கு எவ்வளவு சுருங்கும்னு ஃப்ரிட்ஜில வெச்சுக் கணக்குப் பண்ணித்தான் மூணாவது உள்குழலப் போட்டிருக்கேன். மிருணாவோட பென்சில் டப்பாவுல பஞ்சு வெச்சு அதுல வெச்சிருக்கேன். ஆட்டத்துல சுடறதுக்கு மைதானத்துல அவங்களே வேற நூறு குடுப்பாங்க. இது அதுக்கு இல்ல.

யாருக்குப் போன் பண்றீங்க சார்? இங்க சிக்னல் கிடைக்காது. பன்னெண்டாவது வளைவு தாண்டினாத்தான் வரும். அவசரமா?

போலீசா? விளையாட்டுச் சாமான் சார். குழந்தைங்க விளையாடறது. அவங்க வந்து என்னன்னு எழுதுவாங்க? பெயிண்டுன்னா? நீங்க வேற.

என்ன சார், தள்ளி உக்காந்துட்டீங்க. நான் என்ன செஞ்சேன் இப்ப? மனசு விட்டுப் பேசினேன். ஆறு மாசமா நான் யார்கிட்டயும் இவ்வளவு பேசல. வீட்டுல ஆளில்ல. ஷாப்புல பேசினா சிரிக்கிறாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா கேக்கிற மூஞ்சியா இருந்துது.

இருங்க, என் போன் அடிக்குது. சிக்னல் வந்துடுச்சு. அவன்தான். "சொல்லுப்பா. ஆங், வந்துட்டேன். பதிமூணு திரும்பிடுச்சு. நீ எதுக்கு வர்றே, நானே நடந்து வந்துக்க மாட்டேனா? சரி. சரிப்பா. இட்லியா? சரி."

பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிக்கிறானாம். பை கனமா இருக்கும்னு.

அத்தனாவூர் வந்துடுச்சு. அதோ, நீலச் சட்டை, டீக்கடைக்கு முன்னாடி. பாருங்க, மூடுபனி இறங்கியிருக்கு. கண்ணாடியக் கழட்டி சட்டை நுனியில தொடைக்கிறான் பாருங்க. நான் சொன்னேன்ல. அவன் இருக்கற எடம் இங்கருந்து இருபது மீட்டர் இருக்குமா? கொஞ்சம் அதிகம். இருபத்திரண்டு.

கையக் காட்டுறான். கண்ணாடி இல்லாம அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, சும்மா பஸ்ஸப் பாத்துக் காட்டுறான்.

சரி சார், வர்றேன். பைய குடுங்க.

சார்.

பைய குடுங்க சார், இறங்கணும். ஏன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? அது என் பை. கண்டக்டர், கொஞ்சம் நில்லுங்க, இவரு என் பைய விட மாட்டேங்கறாரு. அமுக்காதீங்க சார், பென்சில் டப்பா உள்ள இருக்கு, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கும் அவனுக்கும் என்ன சார் சம்பந்தம்? உங்க புள்ளையா அவன்? விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல.

ஐயோ, அவனே உள்ள ஏறிட்டான். சார், அவன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. சார், உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்.

ஒண்ணுமில்ல சபரீசா. இவரு தெரிஞ்சவருதான். பை சிக்கிக்கிச்சு. நீ ஏம்பா ஏறினே? நீ குனியாத. பைய அவரே தருவாரு, நீ குனியாத. என்னடா கண்ணு இப்படிச் செவந்திருக்கு, தூங்கலையா? கண்ணாடி எங்க? கையில வெச்சுக்கிட்டு என்னடா பண்றே, போடு.

கண்ணாடியப் போடுடா மொதல்ல.